சரக்கு ரயில் நோட்டு

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதமும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அப்பா காலத்திலிருந்தே அப்படி. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கு விடுப்புக் கடிதமோ, மின்சார அலுவலகத்துக்குப் புகாரோ, எதுவானாலும் முதலில் பென்சிலில் வரைவு. அதை நான் சிவப்பு மையில் திருத்துவேன். எழுதியவரே சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் உறை. குடிநீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். நான் பார்த்து அனுப்பிய கடிதம் ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை.

வீட்டில் எனக்கு 'ஹெட் ஆபீஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. தம்பி மனைவி ஒருமுறை தன் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நாளைக்குப் பால் வேணாம்னு பால்காரருக்கு ஒரு சீட்டு எழுதணும்டி. ஹெட் ஆபீஸ்ல குடுத்துத் திருத்தி வாங்கிட்டு வா. அதுக்குள்ள பாலே வந்துடும்."

நான் கோபப்படவில்லை. ஒழுங்குள்ள வீட்டில் கொஞ்சம் கேலியும் இருக்கத்தான் செய்யும்.

மாடியில் நான் தனியாக இருந்தேன். என் மனைவி போய் ஒன்பது ஆண்டுகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழே தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். அவளை எல்லோரும் 'எறும்பு' என்றுதான் கூப்பிடுவோம். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வெறுங்கையோடு நடந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கரண்டி, ஒரு செருப்பு, ஒரு புத்தகம், எதையாவது தூக்கிக்கொண்டே போவாள். கடைசி ஆறு ஆண்டுகளாக அவள் கையில் இருந்தது ஒரு நீல அட்டை நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அவன் ரயில் ஓட்டுநராக இருந்தான். எங்கள் வம்சத்தில் சீருடை போட்ட முதல் ஆள். ஒரே வருடத்தில் இரண்டு முறை, அவன் ஓட்டி வந்த ரயிலின் முன்னால் ஓர் ஆள் வந்து நின்றார். இரண்டு முறையும் அவனால் நிறுத்த முடியவில்லை. யாராலும் முடிந்திருக்காது. விசாரணையிலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் இரண்டாவது முறைக்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. பின்னறையில் போய் உட்கார்ந்தவன் அங்கேயே இருந்துவிட்டான். ரயில் ஹாரன் கேட்டால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் விடமாட்டான்.

எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மரக்கடையும் ஒரு சுவரும்தான்.

கேட்டவர்களிடம் நான் முதுகுவலி என்று சொன்னேன். முதுகெலும்பில் தேய்மானம், அதனால் முன்கூட்டியே ஓய்வு. அலுவலக நண்பர்கள், உறவினர்கள், அக்கம்பக்கம், எல்லோரிடமும் அதே வாக்கியம். மனம் உடைந்தவன் என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். இது எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று அப்போது நினைக்கவில்லை. கதவைச் சாத்தி வைத்தேன், அவ்வளவுதான்.

ஒருமுறை தம்பி மனைவி கேட்டாள். அவள் துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறாள். என்னை மாமா என்பாள். அதிகம் பேசமாட்டாள்.

"மாமா, இந்த வீட்டை வித்துட்டு அந்தப் பக்கம் எங்கயாவது போயிடலாமா? ரயில் சத்தம் கேக்காத எடமா?"

"அப்பா கட்டின வீடும்மா இது. ஏன் வித்தாங்கன்னு நாலு பேர் கேப்பாங்களே, என்ன சொல்றது? முதுகுவலிக்கு யாராவது வீட்டை விப்பாங்களா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

எறும்புக்கு அப்போது பதினொரு வயது. பயணிகள் ரயிலுக்கு அட்டவணை உண்டு. அந்த நேரங்களில் அவள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கைமேல் கை வைத்துக்கொண்டு பெட்டிகளைச் சத்தமாக எண்ணுவாள். எண்ணி முடித்தால் ரயில் போய்விட்டது என்று அர்த்தம். சரக்கு ரயிலுக்குத்தான் அட்டவணை கிடையாது. அது எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் அவள் நோட்டுப் போட ஆரம்பித்தாள். தேதி, கிழமை, நேரம், பெட்டி எண்ணிக்கை, நிலக்கரியா மரமா இரும்பா என்று. இரண்டு வருடம் எழுதிய பிறகு, செய்தித்தாளில் வரும் கப்பல் வருகைப் பட்டியலைக் கத்தரித்து எதிர்ப்பக்கத்தில் ஒட்ட ஆரம்பித்தாள். துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல் வந்த மூன்றாம் நாள் பிற்பகலில் நீளமான சரக்கு ரயில் வரும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். பதினாறு வயதில், பத்து முறைக்கு ஏழு முறை கால் மணி நேரம் முன்பின்னாகச் சொல்லிவிடுவாள். "அப்பா, நாளைக்கு நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு, பெருசு" என்று முந்தின நாளே சொல்வாள். முன்பே சொல்லிவைத்த ரயில் வந்தால் அவன் தாங்கிக்கொண்டான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளி இறுதி ஆண்டில் அவள் ஒரே ஒரு கல்லூரியின் பெயரைத்தான் சொன்னாள். ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கிற கல்லூரி. அங்கே புள்ளியியல் படிக்க வருடத்துக்கு நாற்பது பேரை மட்டும் எடுப்பார்கள். விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் ஒருவர் முத்திரையிட்ட உறையில் தரும் கடிதம், பிறகு மாணவர் தன் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. கட்டுரையின் தலைப்பு 'என்னை உருவாக்கியது'. பாதுகாவலர் என்ற இடத்தில் வழக்கம்போல என் பெயர். அவள் மூன்று வாரம் அந்தக் கட்டுரையை எழுதினாள். பிறகு பென்சில் வரைவை என் மேசையில் வைத்தாள்.

முதல் வரி இப்படி இருந்தது: 'என் அப்பாவுக்கு ரயில் சத்தம் ஆகாது. எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.'

நான் முழுவதும் படித்தேன். பிழை ஒன்றுமில்லை. இரண்டு ரயில், இரண்டு ஆள், கட்டில் சட்டம், நோட்டு, கப்பல், எல்லாம் இருந்தது. அழுகை இல்லை. கணக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள். கடைசியில், 'எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிறது என்பதை நான் என் அப்பாவிடமிருந்து கற்றேன்' என்று முடித்திருந்தாள்.

இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன்.

"இது போகாது," என்றேன்.

"ஏன் பெரியப்பா? எங்க தப்பு?"

"தப்புன்னு நான் சொன்னேனா? போகாதுன்னேன். யார் யாரோ உக்காந்து படிப்பாங்க. உங்கப்பாவைப் பத்தி ஊர் பேர் தெரியாதவன்லாம் படிக்கணுமா?"

"அவங்க என்னைப் பத்தித்தானே கேட்டிருக்காங்க."

"உன்னைப் பத்தி எழுது. வீட்டைப் பத்தி எதுக்கு?"

"வீட்டை எடுத்துட்டா என்கிட்ட எழுத என்ன பெரியப்பா இருக்கு?"

அன்றே நான் ஒரு வரைவு எழுதினேன். நேரம் தவறாமைதான் எங்கள் குடும்பத்தின் அடையாளம்; தாத்தா கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வார்; தந்தை ரயில் ஓட்டுநராகச் சிறப்பாகப் பணியாற்றி, முதுகெலும்புக் கோளாறு காரணமாக ஓய்வு பெற்று, மகளின் படிப்பை அருகிலிருந்து கவனித்து வருகிறார்; இந்த ஒழுங்கே என்னை உருவாக்கியது. நல்ல நடை. வாரியத் தலைவரின் பிரிவுபசார உரையை எழுதியவன் நான். இது எனக்குப் பெரிய காரியமில்லை.

அவள் படித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா இது யாரு?" என்று கேட்டாள்.

"சுத்தப் பிரதி எடு," என்றேன்.

எடுத்தாள். மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினாள். அவள் கையெழுத்து அழகானது. 'முதுகெலும்புக் கோளாறு' என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால் மேலே எழுதினாள். உறையை நானே ஒட்டி, நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஏழு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாத பகல். மரியாதையான கடிதம். மாணவியின் மதிப்பெண்கள் மிகச் சிறப்பாக இருப்பதாகவும், அவருடைய கணக்கு ஆசிரியை தம் பரிந்துரையில் ஒரு சரக்கு ரயில் நோட்டைப் பற்றியும், தந்தையின் மனநிலை காரணமாக மாணவி அதைத் தொடங்கியது பற்றியும் விரிவாக எழுதியிருப்பதாகவும், ஆனால் மாணவியின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தந்தையின் நிலையும் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். தேர்வுக் குழு அந்த நோட்டைப் பார்க்க ஆவலாக இருக்கிறது. சில பக்கங்களின் நகலோடு விளக்கம் அனுப்பவும். பதினைந்து நாள் கெடு.

ஆவலாக இருக்கிறது என்ற சொல்லை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை. விளக்கம் என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. விளக்கம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவன் நான். அதற்கு ஒரு முறை உண்டு. எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, யாரையும் நேரடியாகக் குற்றம் சொல்லவும் கூடாது, பிழை வேறெங்கோ நடந்திருக்கலாம் என்று காட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன்: 'தாங்கள் குறிப்பிடும் விவரங்கள் எங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவன அல்ல. ஆசிரியை வேறொரு மாணவியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் எனக் கருதுகிறேன். விண்ணப்பத்தில் கண்டவையே சரியானவை.'

எறும்பிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரம், எதற்கு அவளைக் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு நேராகவே கடிதம் வந்தது. ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விதிப்படி அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவர் விண்ணப்பிக்க இயலாது. அவள் அதை வாசலிலேயே நின்று படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா படித்துவிட்டு, "என்ன முரண்பாடு? யார் என்ன சொன்னாங்க?" என்றாள்.

"தெரியலம்மா. மிஸ்ஸு பரிந்துரைய நல்லாதான் எழுதினேன்னு சொன்னாங்க."

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். "கல்லூரி அந்த ஒண்ணுதானா?" என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கணக்கு டீச்சர் மாடியில் என் அறைக்கு வந்தார். ஒல்லியான அம்மா, மூக்குக்கண்ணாடி, தோளில் துணிப்பை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் கடிதத்தின் நகல். கல்லூரி அதைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தது.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"குழப்பிக்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷமா பாடம் எடுக்கிறேன். எந்தப் பிள்ளையோட எந்தப் பிள்ளைய குழப்பினேன், சொல்லுங்க? இந்த ஊர்ல சரக்கு ரயிலுக்கு நோட்டுப் போடற இன்னொரு பொண்ணு இருக்கா?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தான் பேசறேன். ஹெட்மாஸ்டர் என்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டிருக்காரு. இந்த வருஷம் நான் பரிந்துரை எழுதின இன்னும் ரெண்டு பசங்களோட கடிதத்தையும் சந்தேகமா பார்க்கிறாங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

எறும்பு தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"என்ன கடிதம் மிஸ்?"

டீச்சர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்கு மேல் விடக்கூடாது என்று எனக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டு விஷயத்தைக் கவர்ல போட்டு வெளியூருக்கு அனுப்ப உங்களுக்கு யார் அனுமதி குடுத்தது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இவ அப்பாதான் குடுத்தாரு," என்றார் டீச்சர். "கேக்காம எழுதுவேனா? இங்கதான் வந்தேன். நீங்க நடக்கப் போயிருந்தீங்க. அந்தப் பின்னறையில ஒரு மணி நேரம் உக்காந்து பேசினோம். எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர், ஒண்ணும் மறைக்க வேணாம், என் பொண்ணு செஞ்சது நாலு பேருக்குத் தெரியட்டும்னாரு."

எறும்பு தட்டை மேசைமேல் வைத்தாள். தாளை வாங்கிப் படித்தாள். மூன்று வாக்கியம்தானே, உடனே முடிந்துவிட்டது.

"பொருந்துவன அல்ல," என்று மெல்லப் படித்துப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம், "தேநீர் ஆறிடும் மிஸ், குடிங்க" என்றாள்.

டீச்சர் குடிக்காமலே போனார். எறும்பு கீழே போய் நீல நோட்டை எடுத்து வந்து என் மேசையில், எனக்கு எதிரே, நேராக வைத்தாள்.

"இதையும் திருத்திடுங்க பெரியப்பா," என்றாள்.

கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. கோபமும் இல்லை. பென்சில் வரைவை வைக்கும்போது எப்படி நிற்பாளோ அப்படித்தான் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அவள் கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

அன்றிலிருந்து என் மேசைக்கு ஒரு காகிதமும் வரவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் வணிகவியலுக்குக் கடைசிப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். பாதுகாவலர் என்ற இடத்தில் அவள் அம்மா கையெழுத்திட்டாள். மாலையில் மருந்துக் கடையில் இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலைக்கும் சேர்ந்தாள். என்னைப் பார்த்தால் வழிவிட்டு நிற்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னிடம் அவள் கற்றதே அதுதானே.

அவளை நிராகரித்த கல்லூரிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு நாள் ஆனது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்தக் கடிதத்துக்கும் எனக்கு அவ்வளவு நாள் ஆனதில்லை. 'என் தம்பிக்கு முதுகுவலி இல்லை' என்ற ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் மேலே போக முடியவில்லை. பிறகு எழுதினேன். கட்டுரை என்னுடையது, மாணவி நான் சொன்னபடி பிரதி எடுத்தார், விளக்கக் கடிதம் அவருக்குத் தெரியாமல் நான் எழுதியது, ஆசிரியை எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எழுதினேன். நோட்டில் இருபது பக்கங்களுக்கு நகல் எடுத்து இணைத்தேன். பள்ளிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். டீச்சர்மேல் இருந்த விசாரணையை முடித்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லவும் தேவையில்லை.

கல்லூரியின் பதில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வந்தது. இரண்டே வரி.

'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. கோப்பில் வைக்கப்பட்டது.'

இந்த வரியை நான் என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்று எழுதியவர்களுக்கு, குழாய் உடைந்து வீட்டுக்குள் வெள்ளம் என்று எழுதியவர்களுக்கு. இதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. கடிதப் பிரிவில் சேரும் புதியவர்களுக்கு முதல் நாளே இந்த வரியைத்தான் எழுதிக் காட்டுவேன்.

தாளை மடித்துக்கொண்டிருக்கும்போது ஹாரன் கேட்டது. சரக்கு ரயில். நீளமான ஹாரன், மரக்கடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. எறும்பு கல்லூரியில் இருந்தாள். அவள் அம்மா ஆலையில். முந்தின நாள் யாரும் தம்பியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நோட்டு என் மேசையில்தான் கிடந்தது. அதில் கடைசியாக எழுதிய தேதி, டீச்சர் வந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள்.

நான் படியிறங்கிப் பின்னறைக்குப் போனேன். ரயில் போகும் நேரத்தில் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஆறு வருடமும் மாடியில் இருந்து கேட்டதோடு சரி.

தம்பி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்திருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் இடிக்குப் பயந்து என் போர்வைக்குள் வருவானே, அந்த முகம்.

"தம்பி," என்றேன். பக்கத்தில் உட்காரப் போனேன். "எண்ணட்டுமா? ஒண்ணு... ரெண்டு..."

எத்தனை பெட்டி ஏற்கெனவே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை. மூன்றோடு நின்றுவிட்டேன்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் மரியாதையாகவே சொன்னான்.

"நீங்க மேல போங்கண்ணா. எனக்கு வெறும் முதுகுவலிதானே."

நான் கதவருகே போய் நின்றேன். மேலே போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. ரயில் நீளமானது. போய்க்கொண்டே இருந்தது.